வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பித்தல் பணி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பித்தல் பணி என்பது, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கும், புலம்பெயர்ந்த தமிழரின் பிள்ளைகளுக்கும் தமிழ்நாட்டிற்கும் இலங்கைக்கும் வெளியே உள்ள உயர்கல்வி நிறுவனங்களில் தமிழ் மொழியைக் கற்பிக்கும் ஊதியப் பணியைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் கல்வித்துறை வழக்கில் தமிழ் "குறைவாகக் கற்பிக்கப்படும் மொழிகள்" என்ற வகையில் அடங்கும். ஆங்கிலம், எசுப்பானியம், பிரெஞ்சு, செருமன் ஆகிய நான்கும் நீங்கலாக உலகின் மற்றெல்லா மொழிகளும் இவ்வகையின் கீழ் வருகின்றன. பல கோடிப் பேர் பேசும் மொழியையும் சில ஆயிரம் பேர் பேசும் மொழியையும் இச்சொல் ஒன்றாகவே வைத்துப் பார்க்கிறது. பேசுவோர் தொகை இங்குப் பொருட்டன்று, வகுப்பறையில் வந்து அமர்வோர் தொகையே அளவுகோல்.

இப்பணியிடங்கள் எண்ணிக்கையில் மிகச் சில. ஆயினும் தமிழ், மொழியியல் ஆகிய துறைகளில் பட்டம் பெறுவோருக்கு உள்ளூரில் வேலை வாய்ப்புகள் குறுகிவரும் சூழலில், இவற்றைப் பற்றிய தெளிவான தகவல் மாணவர்களுக்குத் தேவைப்படுகிறது. கடலூர் மாவட்டம் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கு இப்பணியின் வரலாற்றில் தனி இடம் உண்டு.

அண்ணாமலை நகரிலிருந்து

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் தொடங்கிய ஸ்ரீ மீனாட்சி கல்லூரி 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931-இல் பொறுப்பேற்றவர் இலங்கையின் மட்டக்களப்பைச் சேர்ந்த விபுலாநந்த அடிகள். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றிருந்தவர் அவர். அண்ணாமலை நகரில் சில ஆண்டுகளே பணியாற்றினார். பின்னர் 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இரு நாடுகளின் இரு பல்கலைக்கழகங்களில் முதல் தமிழ்ப் பேராசிரியராக ஒருவரே இருந்தது அரிய நிகழ்வாகும்.

வெளிநாட்டில் தமிழ் கற்பித்தல் என்ற துறைக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் தனிநாயகம் அடிகள் (1913–1980). யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்து, உரோமையில் இறையியல் கற்ற இக்கத்தோலிக்கக் குரு, 1940-களின் நடுப்பகுதியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழில் முதுகலைப் பட்டமும், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு இலக்கிய முதுவர் பட்டமும் பெற்றார். 1952-இல் ஆங்கில ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கித் தமிழ் ஆய்வைத் தமிழ் அறியாத அறிஞர்களிடம் கொண்டு சென்றார். 1961 முதல் 1969 வரை கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் தலைவராக இருந்தார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 1964-இல் புதுதில்லியில் தொடங்கப்பட்டதிலும், முதலாவது உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடியதிலும் அவரது பங்கு பெரிது. அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படிக்கும் மாணவர் ஒன்றைக் கவனிக்கலாம். முப்பது வயதைக் கடந்த பின்னரே அவர் தமிழை முறையாகப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். அதற்கு முன்பே அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்திருந்தன. தமிழ் அறியாதவரிடம் தமிழை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை அந்த மொழிகளைக் கற்ற அனுபவமே அவருக்குக் கற்றுத் தந்திருக்க வேண்டும்.

1950-களின் பிற்பகுதியில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் தலைமையில் அண்ணாமலை நகரில் மொழியியல் வளர்ந்தது. 1960-களில் பல்கலைக்கழக மானியக் குழு அங்குள்ள மொழியியல் துறையைத் திராவிட மொழியியலுக்கான உயராய்வு மையமாக ஏற்றுக்கொண்டது. தெ. பொ. மீ. 1961-இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியராக இருந்தார். அதே காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கான பேச்சுத் தமிழ்ப் பாடநூல்களையும் வெளியிட்டது. மு. சண்முகம் பிள்ளையின் பேச்சுத் தமிழ் நூல் 1965-இலும் அதன் இரண்டாம் பகுதி 1968-இலும் வந்தன. ந. குமாரசாமி ராஜாவும் கு. துரைசாமியும் எழுதிய உரையாடல் தமிழ் நூல் 1966-இல் வந்தது. இவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பேச்சுத் தமிழைப் பாடமாக வைப்பது அன்றைய தமிழ்ப் புலமை உலகில் எளிதில் ஏற்கப்பட்ட செயல் அன்று என்பதை நினைவிற் கொண்டால் இந்நூல்களின் துணிவு விளங்கும்.

அண்ணாமலை நகரில் பணியாற்றிய சுப. திண்ணப்பன் 1980-களில் சிங்கப்பூர் சென்று அங்குத் தமிழ்ப் பாடநூல் ஆக்கத்திலும் தமிழாசிரியர் பயிற்சியிலும் நீண்ட காலம் ஈடுபட்டார்.

பணியிடங்கள் எவ்வாறு தோன்றின

ஐக்கிய அமெரிக்காவில் தமிழ் வகுப்புகள் பெருகியதற்குத் தமிழ்ப்பற்று காரணம் அன்று, பனிப்போர் காரணம். சோவியத் ஒன்றியம் 1957-இல் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அதன் அதிர்ச்சியில் அமெரிக்கா 1958-இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றியது. அதன் ஆறாம் பிரிவு, நாட்டில் போதிய அளவு கற்பிக்கப்படாத மொழிகளுக்கு நிதி அளித்தது. அந்நிதியால் பல்கலைக்கழகங்களில் தெற்காசிய மையங்கள் வலுப்பெற்றன. சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி, விஸ்கான்சின் முதலிய இடங்களில் தமிழ் இடம்பெற்றது.

நூல்கள் சென்ற வழியும் விந்தையானது. இந்தியா அமெரிக்காவிடம் வாங்கிய கோதுமைக்கு உரூபாயில் செலுத்திய தொகை இந்தியாவிலேயே செலவிடப்பட வேண்டியிருந்தது. அத்தொகையின் ஒரு சிறு பகுதியைக் கொண்டு 1962 முதல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பியது. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பதிப்பகத்தின் நூல் சிகாகோ நூலகத்தில் கிடைப்பதன் பின்னணி இதுவே.

ஐரோப்பாவில் நிலை வேறு. அங்குத் தமிழ் பெரும்பாலும் இந்தியவியலின் பகுதியாக, சமசுகிருதத்திற்கு அடுத்த இடத்தில் வளர்ந்தது. பிராகாவில் கமில் சுவெலபில், எடின்பரோவில் ஆஷர், மாசுகோவில் அந்திரோனோவ் போன்றோர் தாமே தமிழ் கற்று ஆசிரியர்களானவர்கள். இவர்கள் இருந்த இடங்களில் தமிழ் இருந்தது. அவர்கள் ஓய்வு பெற்றபோது பல இடங்களில் தமிழும் ஓய்வு பெற்றது. செருமனியின் கோல்ன் பல்கலைக்கழகம் பெரிய தமிழ் நூலகத்தைக் கொண்டது. ஆயினும் 2010-களின் இறுதியில் அங்குத் தமிழ்க் கல்வி மூடப்படும் நிலைக்கு வந்தது. அதைக் காக்கப் புலம்பெயர் தமிழர் நிதி திரட்டினர், தமிழ்நாடு அரசும் உதவி அறிவித்தது.

இந்திய அரசின் இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகம் (1950-இல் நிறுவப்பட்டது) வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு ஆசிரியர்களை அனுப்புகிறது. தமிழுக்குப் போலந்தின் வார்சா பல்கலைக்கழகம் இதில் அறியப்பட்ட இடம். எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி 1981 முதல் 1986 வரை அங்கு வருகைப் பேராசிரியராக இருந்து இந்திய மெய்யியலும் பண்பாடும் கற்பித்தார். அவருடைய "ஏசுவின் தோழர்கள்" புதினம் அந்தப் போலந்து வாழ்க்கையிலிருந்து பிறந்தது. வெளிநாட்டு ஆசிரியப் பணியின் தனிமையை அறிய விரும்புவோர் எந்த வழிகாட்டி நூலையும்விட இதை முதலில் படிக்கலாம்.

சீனாவில் 1963-இல் பெய்ஜிங் வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. வானொலிக்கு ஆள் தேவைப்பட்டதால் தமிழ் கற்பிக்கப்பட்டது. 2010-களின் பிற்பகுதியில் பெய்ஜிங் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகமும் யுன்னான் மின்சு பல்கலைக்கழகமும் தமிழ்ப் படிப்பைத் தொடங்கின. மொரீசியசில் 1970-இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ்த் துறை உள்ளது. பாரிசில் இனால்கோ எனப்படும் கீழை மொழிகள் நிறுவனத்தில் தமிழ் கற்பிக்கப்படுகிறது.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழாசிரியர் தொகை மிகப் பெரிது. ஆனால் அங்குத் தமிழ் அந்நாட்டு மக்களின் மொழி. பள்ளி ஆசிரியர்கள் பெரும்பாலும் அந்நாட்டவரே, அவர்களுக்கான பயிற்சியும் அந்நாட்டிலேயே நடைபெறுகிறது. ஆகவே அவ்விரு நாடுகளையும் இக்கட்டுரை விரிவாகப் பேசவில்லை.

இருக்கையும் விரிவுரையாளரும்

நாளிதழ்களில் அடிக்கடி வரும் "தமிழ் இருக்கை" என்பதற்கும் தமிழ் கற்பிக்கும் பணிக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது அவசியம். இருக்கை என்பது வைப்பு நிதியின் வட்டியில் நிலைபெறும் பேராசிரியர் பதவி. பெர்க்லியில் 1990-களில் புலம்பெயர் தமிழரின் நன்கொடையால் ஓர் இருக்கை அமைந்தது, சார்ச் ஆர்ட் அதில் அமர்ந்தார். ஆர்வர்டு பல்கலைக்கழக இருக்கைக்கான முயற்சி 2015-இல் தொடங்கியது. 60 இலட்சம் டாலர் இலக்கு 2018-இல் எட்டப்பட்டது. தமிழ்நாடு அரசு அதற்குப் 10 கோடி உரூபாய் வழங்கியது. அந்தப் பதவிக்குப் பின்னர் நியமிக்கப்பட்டவர், டெக்சாசு பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பணியாற்றிய மார்த்தா ஆன் செல்பி. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்திலும் இவ்வாறே 30 இலட்சம் கனடிய டாலர் திரட்டப்பட்டது.

இத்தகைய பதவிக்கு ஆய்வு நூல்களும், மேலை நாட்டுப் பல்கலைக்கழக அனுபவமும் கேட்கப்படும். தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக ஒருவர் இதற்குச் செல்வது அரிது. அன்றாடம் வகுப்பில் நின்று "இது மரம், அது வீடு" என்று தொடங்குபவர் விரிவுரையாளர். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையிலான ஒப்பந்தத்தில் அவர் அமர்த்தப்படுகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவது பெரும்பாலும் மாணவர் சேர்க்கையையும் அரசு நிதியையும் பொறுத்தது. அமெரிக்க அரசின் தெற்காசிய மைய நிதி நான்காண்டுக்கு ஒருமுறை போட்டியிட்டுப் பெறவேண்டிய ஒன்றாக இருந்து வந்துள்ளது. ஒரு வகுப்பில் ஐந்து மாணவர் இருந்தாலே நல்ல ஆண்டு என்று கருதப்படும் துறை இது. இருக்கைகளுக்குக் கோடிகள் திரட்டும் அமைப்புகள், அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் பதவி நிலையானதா என்றும் கேட்டால் தமிழ்க் கல்விக்குக் கூடுதல் பயன் விளையும்.

கற்பித்தலின் இயல்பு

தமிழ் இலக்கியத்தில் ஆழ்ந்த புலமை இப்பணிக்குப் போதுமான தகுதி ஆகாது. காரணம் கேள்விகளின் தன்மை. தாய்மொழியாளர் தமக்குத் தாமே ஒருபோதும் கேட்டுக்கொள்ளாதவற்றை வெளிநாட்டு மாணவர் முதல் வாரத்திலேயே கேட்பார்.

எடுத்துக்காட்டாக, "கடல்", "அகம்", "தங்கம்" ஆகிய மூன்றிலும் ஒரே ககரம் எழுதப்படுகிறது, ஒலிப்போ மூன்று வகை. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்தின் பின் அதிர்வொலி, இரு உயிர்களுக்கிடையே தளர்ந்த ஒலி என்பது விதி. தமிழர் இதைப் பிழையின்றிச் செய்கின்றனர், ஆனால் சொல்லத் தெரிவதில்லை. "எனக்குப் பசிக்கிறது" என்பதில் "நான்" ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. பசி, விருப்பம், அறிவு போன்றவை ஒருவருக்கு நேர்பவை, அவர் செய்பவை அல்ல. ஆதலால் நான்காம் வேற்றுமை வருகிறது. "எனக்குத் தமிழ் தெரியும்", "எனக்கு இது வேண்டும்" ஆகியவற்றை அருகருகே வைத்துக் காட்டினால் மாணவர் தாமே புரிந்துகொள்வார்.

வினைச்சொற்களே பெரிய மலை. "செய்தேன்", "வாங்கினேன்", "நடந்தேன்", "படித்தேன்" என்று இறந்தகாலம் பலவாறு வருவதற்கு மாணவர் ஒழுங்கு கேட்பார். கார்ல் கிரவுல் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த ஏழு வினை வகுப்புகளின் அடிப்படையிலேயே இன்றும் வெளிநாட்டுப் பாடநூல்கள் பல அமைகின்றன. "கண்ணாடி உடைந்தது", "கண்ணாடியை உடைத்தேன்" என்ற இணையிலிருந்து தொடங்கும் ஆசிரியர் பாதி மலையை ஏறிவிடுவார்.

எல்லாவற்றிலும் கடினமானது இரட்டை வழக்கு. மொழியியலாளர் சார்லசு பெர்கூசன் 1959-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்குப் பின் இது உலகெங்கும் ஆராயப்படுகிறது. தமிழ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. "அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று எழுதுகிறோம், "அவங்க வந்துக்கிட்டிருக்காங்க" என்று பேசுகிறோம். எழுத்துத் தமிழை மட்டும் இரண்டாண்டு கற்ற மாணவர் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கி வழி கேட்டால் அவர் சொல்வது எல்லோருக்கும் புரியும். எதிரில் இருப்பவர் சொல்வது அவருக்கு ஒரு சொல்லும் புரியாது. பேச்சுத் தமிழை மட்டும் கற்றவரால் தேநீர்க் கடையில் தொங்கும் நாளிதழைப் படிக்க முடியாது. எதை முதலில் கற்பிப்பது என்பதில் ஆசிரியரிடையே உடன்பாடு இல்லை. ஆரல்டு சிப்மன் பேச்சுத் தமிழுக்கென்றே 1999-இல் தனி இலக்கண நூல் வெளியிட்டார். தாமஸ் லேமனின் 1989-ஆம் ஆண்டு நூல் தற்கால எழுத்துத் தமிழை விளக்குகிறது. நேர்காணலில் இக்கேள்வி ஏறத்தாழ உறுதியாக வரும். "செந்தமிழே தூய தமிழ், பேச்சு வழக்கு கொச்சை" என்று விடையளிப்பவருக்குப் பணி கிடைக்க வாய்ப்பு இல்லை.

எந்தப் பேச்சு வழக்கு என்பதும் சிக்கலே. கனடாவிலோ நார்வேயிலோ வகுப்பில் இருப்போர் பலர் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் "கதைக்கிறம்" என்று சொல்வதைத் தமிழ்நாட்டு ஆசிரியர் "பேசுறோம்" என்று திருத்தினால் அவர் திருத்துவது பிழையை அன்று, அப்பிள்ளையின் பாட்டியை.

தகுதியும் விண்ணப்பமும்

பொதுவாகத் தமிழ், மொழியியல், மொழி கற்பித்தல் ஆகியவற்றில் ஒன்றில் முதுகலைப் பட்டமும், ஆங்கிலத்தில் அல்லது அந்நாட்டு மொழியில் தடையின்றி விளக்கும் ஆற்றலும், தமிழ் அறியாதவருக்குக் கற்பித்த அனுபவமும் கோரப்படுகின்றன. மூன்றாவதே பலரிடம் இல்லாதது. தமிழ்நாட்டுக் கல்லூரியில் பத்தாண்டு கற்பித்த அனுபவம் இதற்கு ஈடாகாது, ஏனெனில் அங்கு மாணவர் அனைவரும் தமிழ் பேசி வளர்ந்தவர்கள்.

இவ்வனுபவத்தை இந்தியாவிலேயே பெறலாம். மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் (1969) பிற மாநில ஆசிரியர்களுக்குத் தமிழைப் பத்து மாதப் படிப்பாகக் கற்பித்து வந்துள்ளது. அமெரிக்க இந்தியவியல் கல்வி நிறுவனம் (1961) அமெரிக்க மாணவருக்கான தமிழ்ப் பயிற்சியை மதுரையில் நடத்தி வந்துள்ளது. தமிழ் அறியாத பிற மாநில மாணவருக்கு விடுதியில் மாலை வேளையில் தமிழ் கற்பிப்பதும் அனுபவமே. வாரவாரம் என்ன கற்பித்தோம், எது புரியவில்லை என்று குறித்து வைத்தால் அதுவே பின்னர் மாதிரிப் பாடத்திட்டமாகும்.

இளையோருக்கு உள்ள வாயில்களில் ஒன்று புல்பிரைட்டு அயல்மொழி உதவி ஆசிரியர் திட்டம். 21 முதல் 29 வயதுக்குட்பட்ட ஆசிரியர்களை ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பும் இத்திட்டம் பட்டம் எதையும் தராது. எந்தெந்த இந்திய மொழிகள் கோரப்படுகின்றன என்பதை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் பார்க்க வேண்டும். இதில் செல்வோர் பொதுவாக முடிவில் இரண்டாண்டு தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நுழைவுரிமை விதி உண்டு. இதை அறியாமல் சென்று, அங்கேயே கிடைத்த வாய்ப்பை ஏற்க முடியாமல் திரும்புவது வருத்தத்திற்குரியது.

விரிவுரையாளர் பணிக்கு வாழ்க்கைக் குறிப்பு, பணிநாட்டக் கடிதம், கற்பித்தல் கொள்கை பற்றிய இரு பக்கக் குறிப்பு, மாதிரிப் பாடத்திட்டம், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றோடு பெரும்பாலும் வகுப்பெடுக்கும் காணொளியும் கேட்கப்படும். காணொளியில் ஆசிரியர் பேசும் நேரத்தைவிட மாணவர் பேசும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும். மேடைச் சொற்பொழிவில் தேர்ந்த தமிழாசிரியர்கள் தடுமாறுவது இங்குத்தான். 1990-இல் நிறுவப்பட்ட, குறைவாகக் கற்பிக்கப்படும் மொழிகளுக்கான அமெரிக்கத் தேசிய அவை, தெற்காசிய மொழி ஆசிரியர் கழகம் ஆகியவை இத்துறையினர் கூடும் இடங்கள். கணினித் தமிழ் அறிவு இன்று கூடுதல் தகுதி அன்று, அடிப்படைத் தேவை. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் பாடம் தட்டச்சிட்டு அனுப்பினால் மறுமுனையில் தெரிவது பொருளற்ற குறிகள் மட்டுமே.

பல்கலைக்கழகத்திற்கு வெளியே

புலம்பெயர் தமிழர் நடத்தும் வார இறுதிப் பள்ளிகளில் பல்கலைக்கழகங்களைவிடப் பன்மடங்கு மாணவர் கற்கின்றனர். கலிபோர்னியாவில் 1998-இல் தொடங்கிய தமிழ்க் கல்விக்கழகம் நன்கறியப்பட்ட ஒன்று. இப்பள்ளிகளின் ஆசிரியர் பெரும்பாலும் ஊதியம் பெறாத பெற்றோர். ஆதலால் இவற்றை நம்பி வேலைக்காக நாடு கடக்க இயலாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பள்ளி வாரியங்கள் நடத்தும் பன்னாட்டு மொழி வகுப்புகளுக்கு மணிக்கணக்கில் ஊதியம் உண்டு, ஆனால் அங்கு வேலை செய்யும் உரிமை முன்னரே இருக்க வேண்டும். ஆசுத்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் தமிழ் பள்ளி இறுதித் தேர்வுப் பாடமாக உள்ளது. அரசுப் பள்ளியில் கற்பிக்க அங்கு ஆசிரியர் பதிவு தேவை.

தமிழ்நாடு அரசு 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம் (பின்னர் தமிழ் இணையக் கல்விக்கழகம்) வெளிநாடு வாழ் தமிழருக்கு இணையவழிப் பாடங்களை வழங்குகிறது. 2022-இல் அதன் கீழ்த் தமிழ்ப் பரப்புரைக் கழகம் தொடங்கப்பட்டது.

அண்ணாமலை நகரின் இன்றைய சூழல்

நிதி நெருக்கடியைத் தொடர்ந்து 2013-இல் தனிச் சட்டம் இயற்றித் தமிழ்நாடு அரசு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தன் நேரடி நிருவாகத்தில் எடுத்துக்கொண்டது. பணியாளர் மிகுதியாக இருந்ததால் ஆயிரக்கணக்கானோர் பிற அரசு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டனர். புதிய ஆசிரியர் பணியிடங்களுக்கு இடமில்லாத இச்சூழலில் தமிழ், மொழியியல் முனைவர்கள் வெளிநாட்டு வாய்ப்பை எண்ணுவது இயல்பு. ஆயினும் அதை மட்டுமே நம்பி முனைவர் பட்டத்தில் இறங்குவது அறிவுடைமை ஆகாது. ஓர் ஆண்டில் உலகெங்கும் விளம்பரப்படுத்தப்படும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1960-களில் இங்கு உருவான உரையாடல் தமிழ் நூல்கள் இன்று பழையவை. அவற்றில் கைப்பேசி இல்லை, பேருந்துக் கட்டணம் பைசாக் கணக்கில் இருக்கிறது. அவற்றின் உரையாடல்களை இன்றைய பேச்சுக்கு மாற்றி, ஒலிப்பதிவோடு புதிய பாடங்களாக எழுதும் வேலை இன்னும் காத்திருக்கிறது. மொழியியல் மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் முடிக்கக்கூடிய பணி இது. சிகாகோவிலோ வார்சாவிலோ விண்ணப்பத்தைப் பிரிப்பவர் முதலில் தேடுவதும் இத்தகைய பாடங்களையே.